வீட்டுப் பட்டறைக்கு ஆர்கான் வெல்டிங் மிஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

ஆர்கான் வெல்டிங் மிஷின் வாங்கக் கடைக்குப் போகும் புதியவர் கண்ணில் முதலில் படுவது முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் எண்தான். 200, 250, 315. எண் பெரிதாக இருந்தால் மிஷினும் நல்லதாக இருக்கும் என்று நம்பி, கையில் இருக்கும் பணம் முழுவதையும் அதிலேயே போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் எம்சிபி விழுகிறது. சிலிண்டர் டெபாசிட்டுக்குப் பணம் மிச்சமில்லை. ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டில் ஆர்க் அடித்தால் ஓட்டை விழுகிறது. வீட்டுப் பட்டறைக்கு அந்தப் பெரிய எண் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். எந்த உலோகம், எவ்வளவு கனம், வீட்டில் என்ன கரண்ட், ஊரில் என்ன கேஸ் கிடைக்கிறது, இந்த நான்கும் தெரிந்துவிட்டால் மிஷின் கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும். அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

டிக் வெல்டிங் என்பதும் நம் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்பதும் ஒன்றே. டங்ஸ்டன் முனைக்கும் வேலைப்பொருளுக்கும் நடுவே ஆர்க் என்ற மின்பொறி எரியும், டங்ஸ்டன் உருகாது. சுற்றிலும் ஆர்கான் நின்று காற்று படாமல் தடுக்கும். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பி. 1941-இல் அமெரிக்காவின் நார்த்ரோப் விமான நிறுவனத்தில் ரசல் மெரிடித் என்பவர் மெக்னீசியத்தை இணைக்க இந்த முறையை உருவாக்கினார். அப்போது அவர் பயன்படுத்தியது ஹீலியம். மெக்னீசியம் உருகிய நிலையில் காற்றுப்பட்டால் தீப்பிடிக்கும் உலோகம். அப்படிப்பட்ட ஒன்றுக்காகப் பிறந்த முறை இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த கரண்ட்டில், நிதானமாக, சுத்தமாக வேலை செய்வதுதான் இதன் பலம்.

1. முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

அடுத்த ஓராண்டில் நீங்கள் உண்மையாகவே செய்யப்போகும் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக உலோகம் என்ன, கனம் என்ன என்று குறியுங்கள். கடையில் தகடு கேஜ் கணக்கில்தான் பேசப்படும்: 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9.

கேட், கிரில், ஷெட், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் என்றே பட்டியல் போனால், ஆர்கான் மிஷின் வாங்க வேண்டாம். ராடு வெல்டிங்கே போதும், வேகமும் அதிகம், காற்றடித்தாலும் கவலையில்லை. எவர்சில்வர் குழாய், கைப்பிடி, சமையலறை மேடை, பைக் சைலன்சர், சைக்கிள் ஃபிரேம், மெல்லிய எம்எஸ் (சாதாரண இரும்பு) தகடு, சின்னச் சின்ன கருவிகள் என்று இருந்தால் ஆர்கான் உங்களுக்குத்தான்.

ஜிஐ பைப் பட்டியலில் இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். துத்தநாகப் பூச்சு டங்ஸ்டனையும் கெடுக்கும், அதன் புகை உங்களுக்குக் காய்ச்சலையும் கொண்டுவரும். பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்தபின்தான் தொட வேண்டும்.

2. டிசி போதுமா, ஏசியும் வேண்டுமா?

விலையை அதிகம் மாற்றும் கேள்வி இதுதான். எம்எஸ், எவர்சில்வர், செம்பு எல்லாவற்றுக்கும் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், போதும். அலுமினியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் மட்டும் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட், வேண்டும்.

காரணம் அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். மேலே போர்த்தியிருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். டிசியில் முயன்றால் உள்ளே உலோகம் தண்ணீராகிவிடும், மேல்தோல் மட்டும் சுருங்கிச் சுருங்கி நிற்கும், இரண்டு பக்கமும் சேரவே சேராது. ஏசியில் கரண்ட் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பாதி அந்தப் படலத்தை உடைத்து நீக்கும், மறுபாதி உலோகத்தை உருக்கும்.

ஏசி/டிசி மிஷின் அதே ஆம்பியர் டிசி மிஷினைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை போகும். ஆண்டுக்கு ஓரிரு முறை ஓர் இன்ஜின் கவரோ ஏணியோ வரும் என்பதற்காக அந்தப் பணத்தைப் போடாதீர்கள். அந்த வேலையை ஊரில் இருக்கும் ஆர்கான் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். அலுமினியம்தான் உங்கள் ஆசை, ரேடியேட்டரும் டேங்கும் ஃபிரேமும் செய்யத்தான் இறங்குகிறீர்கள் என்றால், டிசி வாங்கி ஓராண்டில் மாற்றுவதைவிடக் காத்திருந்து ஏசி/டிசியே வாங்குங்கள். அப்படி வாங்கும்போது ஏசி பேலன்ஸ், ஏசி ஃப்ரீக்வென்ஸி இரண்டையும் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பேலன்ஸ், படலம் நீக்குவதற்கும் உருக்குவதற்கும் நேரத்தைப் பங்கு பிரிக்கும். ஃப்ரீக்வென்ஸியை ஏற்றினால் ஆர்க் குறுகிக் கூராகும்.

3. ஆம்பியர்: கீழ் எண்ணைப் பாருங்கள்

எளிய கணக்கு ஒன்று உண்டு. எஃகில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர். எவர்சில்வருக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, அலுமினியத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆக 18 கேஜ் எவர்சில்வருக்கு 40-45, 3 மி.மீ. எம்எஸ் தகட்டுக்கு 110-120. உங்கள் நோட்டில் இருக்கும் மிகக் கனமான பொருளுக்குக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலான வீட்டு வேலை 160 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். 200 ஆம்பியர் மிஷின் என்றால் தாராளம். அதற்கு மேல் போவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

இப்போது யாரும் கேட்காத கேள்வியைக் கடைக்காரரிடம் கேளுங்கள்: "குறைந்தபட்சம் எத்தனை ஆம்பியரில் ஆர்க் நிலையாக நிற்கும்?" மெல்லிய தகட்டில் புதியவரின் வெற்றி தோல்வி இங்கேதான் இருக்கிறது. 0.8 மி.மீ. தகட்டுக்கு 25 ஆம்பியர் போதும். ஓரத்தில் அதைவிடவும் குறைக்க வேண்டியிருக்கும். 5 அல்லது 10 ஆம்பியரில் துடிக்காமல் நிற்கும் மிஷின், 250 வரை போய் 20-க்குக் கீழே தள்ளாடும் மிஷினைவிட உங்களுக்கு உபயோகமானது.

அடுத்தது டியூட்டி சைக்கிள். 200 ஆம்பியரில் 40 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் எரிக்கலாம், ஆறு நிமிடம் ஆறவிட வேண்டும். அந்த எண் எந்த வெப்பநிலையில் சொல்லப்பட்டது என்று பெயர்ப்பலகையில் தேடுங்கள். 25 டிகிரியில் சோதித்த 40 சதவீதமும் 40 டிகிரியில் சோதித்த 40 சதவீதமும் ஒன்றாகாது. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வேலை செய்பவருக்கு இரண்டாவதுதான் உண்மையான எண். ஆனாலும் 60, 80 ஆம்பியரில் சின்ன வேலை செய்யும்போது 200 ஆம்பியர் மிஷின் இந்த எல்லையை எட்டுவது அரிது.

4. வீட்டு கரண்ட் என்ன சொல்கிறது?

இதை அவசரப்படாமல் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட். ஏர் கண்டிஷனர், கீசருக்குப் போடும் சாக்கெட் 16 ஆம்பியர்.

டிக் வெல்டிங்கில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஆர்க் வோல்டேஜ் குறைவு என்பதால், அதே ஆம்பியரில் ராடு வெல்டிங்கைவிடக் குறைவாகத்தான் வீட்டு கரண்ட்டை இழுக்கும். 110 ஆம்பியரில் டிக் ஆர்க்குக்குச் சுமார் 14 வோல்ட். ராடுக்குச் சுமார் 24. பவர் ஃபேக்டர் திருத்தம் (சுவர் கரண்ட்டைக் குறைவாக இழுக்க உதவும் வசதி) இல்லாத சாதாரண இன்வெர்ட்டர் வகை, அதாவது எலக்ட்ரானிக் போர்டில் ஓடும், வெல்டிங் மிஷினில் அது சுவரிலிருந்து முறையே 12 ஆம்பியர், 20 ஆம்பியர் என்று வரும், மிஷினைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதாவது 16 ஆம்பியர் சாக்கெட்டில் டிக் வேலை நிம்மதியாக ஓடும். அதே மிஷினில் 3.15 மி.மீ. ராடு போட்டால் எம்சிபி விழலாம். முழு 200 ஆம்பியருக்கு டிக்கிலேயே 28 வரை இழுக்கும்.

அதனால் பட்டறைக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன் இழுங்கள். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி எம்சிபி, நல்ல எர்த். வயர்மேனைக் கூப்பிட்டு, வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று மின்கட்டண அட்டையில் பார்த்து, இது தாங்குமா என்று கேட்டபின் வேலையைத் தொடங்குங்கள். வீட்டு இணைப்பு சொந்த வேலைக்கு மட்டும்தான். கூலிக்கு வெல்டிங் செய்யத் தொடங்கினால் தொழிலுக்கான இணைப்பு வாங்க வேண்டும்.

மாலையில் ஊரே மோட்டார் போடும் நேரத்தில் உங்கள் வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு மல்டிமீட்டரால் சில நாள் பாருங்கள். 180-க்குப் போகும் தெருவில் இருந்தால், 160 வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் மிஷினாகத் தேடுங்கள். மெலிந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கிற வோல்டேஜையும் சாப்பிட்டுவிடும். கரண்ட் போனால் ஃபேன் ஓட்டும் வீட்டு யுபிஎஸ்ஸில் இதை ஓட்ட நினைக்கவே கூடாது.

5. ஆர்க் எப்படிப் பற்றுகிறது?

மூன்று வகை. ஸ்கிராட்ச் என்றால் டங்ஸ்டனைத் தீக்குச்சி போலத் தேய்த்துப் பற்றவைப்பது. லிஃப்ட் என்றால் மெல்லத் தொட்டுத் தூக்குவது. எச்எஃப் என்றால் தொடாமலே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பட்டனை அழுத்தியதும் பொறி தாவிப் பற்றுவது.

வீட்டில் ஏற்கெனவே ராடு இன்வெர்ட்டர் மிஷின் வைத்திருப்பவர், கேஸ் வால்வு டார்ச்சிலேயே இருக்கும் 17வி மாதிரி ஒன்றை வாங்கி மாட்டினால் குறைந்த செலவில் ஸ்கிராட்ச் முறையில் கற்றுக்கொள்ளலாம். எம்எஸ் வேலைக்கு அது ஓடும். ஆனால் முடிக்கும்போது டார்ச்சை வெடுக்கென்று இழுத்துத்தான் ஆர்க்கை அணைக்க முடியும். கடைசியில் ஒரு குழி விழும், சில சமயம் அதிலிருந்தே விரிசல் தொடங்கும். இதற்கான தீர்வுதான் டவுன்ஸ்லோப்: பட்டனை விட்டதும் கரண்ட் சில வினாடிகளில் படிப்படியாக இறங்கும்.

புதிதாக வாங்குபவருக்கு நான் சொல்வது எச்எஃப். கூடவே மூன்று வசதி கட்டாயம் வேண்டும்: டவுன்ஸ்லோப், போஸ்ட்ஃப்ளோ, 2டி/4டி சுவிட்ச். ஆர்க் அணைந்தபின்னும் சூடான டங்ஸ்டனையும் உருகிய உலோகக் குளத்தையும் காக்கச் சில வினாடி கேஸ் வருவது போஸ்ட்ஃப்ளோ. பத்து ஆம்பியருக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளலாம். 2டியில் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 4டியில் பட்டனை ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டால் போதும், நீண்ட பீடுக்கு (வெல்டிங் கோட்டுக்கு) விரல் வலிக்காது. பல்ஸ், அதாவது கரண்ட் ஏறி இறங்கித் துடிக்கும் வசதி, இருந்தால் நல்லது. வினாடிக்கு ஒன்றிரண்டு துடிப்பில் வைத்தால் எப்போது கம்பியைத் தொட வேண்டும் என்று அதுவே தாளம் கொடுக்கும். கால் பெடல் இப்போதே வேண்டாம், ஆனால் பின்னால் மாட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற பட்டன்களைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டியதில்லை.

6. டார்ச்சும் டங்ஸ்டனும்

மிஷினோடு வரும் டார்ச் பெரும்பாலும் 17 அல்லது 26 என்ற எண்ணில் இருக்கும். இரண்டும் காற்றில் ஆறுபவை. 17 சுமார் 150 ஆம்பியர், 26 சுமார் 200. வீட்டு வேலைக்கு 17 கைக்கு லேசாக இருக்கும். இந்த இரண்டுக்கும் கப் (கேஸ் வெளியே வரும் முனை), காலட் (டங்ஸ்டனைப் பிடிக்கும் கவ்வி), பேக் கேப் (பின்மூடி) எந்த வெல்டிங் கடையிலும் கிடைக்கும். வேறு விசித்திரமான டார்ச்சோடு வரும் மிஷினைத் தவிர்த்துவிடுங்கள்.

டங்ஸ்டனில் நிறம் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு நுனி தோரியம் கலந்தது. நன்றாகவே எரியும், ஆனால் கதிரியக்கப் பொருள்; கூர்தீட்டும்போது அதன் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. வீட்டில் அது தேவையே இல்லை. நீலமோ தங்கமோ வாங்குங்கள், இரண்டும் லாந்தனம் கலந்தவை, ஏசி டிசி இரண்டுக்கும் ஒத்துவரும். 1.6 மி.மீ.யில் சிலதும் 2.4-இல் சிலதும் போதும்.

கூர்தீட்டுவதில் ஒரு நுணுக்கம். கிரைண்டர் கல்லில் டங்ஸ்டனைக் குறுக்காக வைத்துச் சுழற்றினால் கோடுகள் வளையம் வளையமாக விழும், ஆர்க் அலையும். கல் சுற்றும் திசையிலேயே நீளவாக்கில் பிடித்து, விரலால் மெல்ல உருட்டிக்கொண்டே தீட்டுங்கள். கீறல்கள் எல்லாம் நுனியை நோக்கி ஓட வேண்டும். இதற்கென்று ஒரு கல்லைத் தனியாக வையுங்கள். எம்எஸ் தேய்த்த கல்லில் தீட்டினால் அந்த அழுக்கு நுனியில் ஏறிவிடும்.

7. கேஸ்

சுத்தமான ஆர்கான் மட்டும்தான். சிஓ2 வெல்டிங்குக்குத் தரும் கலவை கேஸில் டங்ஸ்டன் சில நொடிகளில் கருகிவிடும். ஏஜென்சியில் 99.99 சதவீதமோ அதற்கு மேலோ தூய்மை என்று சொல்லிக் கேளுங்கள்.

பெரிய சிலிண்டர் 47 லிட்டர் கொள்ளளவு. 150 பார் அழுத்தத்தில் சுமார் 7 கியூபிக் மீட்டர் கேஸ் இருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் ஆர்க் எரியும் நேரம் 14 மணிக்கு மேல். 10 லிட்டர் சிலிண்டரில் ஒன்றரை கியூபிக் மீட்டர், அதாவது மூன்று மணி நேரம். சின்னதில் ஒவ்வொரு லிட்டர் கேஸுக்கும் விலை அதிகம் கொடுக்கிறீர்கள். பெரியது காலியாகவே ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், மாடியில் பட்டறை வைத்திருப்பவர் இதை யோசிக்க வேண்டும். மிஷின் வாங்குவதற்கு முன்பே ஏஜென்சிக்கு ஒரு நடை போய், டெபாசிட் எவ்வளவு, வாடகை உண்டா, சின்னது நிரப்பித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். சில ஊர்களில் இந்தப் பதிலே உங்கள் திட்டத்தை மாற்றிவிடும். சிலிண்டர் கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியையும் பாருங்கள்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும்.

ரெகுலேட்டர் ஃப்ளோமீட்டரோடு இருக்கட்டும், கண்ணாடிக் குழாயில் குண்டு மிதக்கும் வகை நல்லது. சாதாரண வேலைக்கு 6 முதல் 8 லிட்டர் போதும். கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து 15 வைக்கிறார்கள். வேகமாக வரும் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். வேலை நேரத்தில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தாலும் வேறு வழியில்லை. வியர்வையில் நனைந்த கையுறையை மட்டும் உடனே மாற்றுங்கள், எச்எஃப் பொறி ஈரத்தின் வழியே கையைக் கடிக்கும்.

சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமில்லாதது. மூடிய அறையில் கசிந்தால் கீழே தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூட வேண்டும்.

8. கண்ணுக்கும் மூச்சுக்கும் தனிப் பணம்

உங்களிடம் இருக்கும் மொத்தப் பணத்தில் பாதியோ, கொஞ்சம் கூடுதலோதான் மிஷினுக்கு. மிச்சம் கேஸ், ரெகுலேட்டர், மாஸ்க், கையுறை, ஃபில்லர், கிரைண்டர் கல் என்று போய்விடும். இதில் மாஸ்க்கில் கை வைக்காதீர்கள். டிக் ஆர்க்கில் புகை குறைவு, அதனாலேயே புற ஊதாக் கதிர் நேராக வந்து தாக்கும். தானாக இருளும் மாஸ்க் வாங்கினால், குறைந்த ஆம்பியர் டிக் ஆர்க்கைக் கண்டுகொள்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 20 ஆம்பியரில் இருளாமல் மினுக்கும் மாஸ்க்குகள் உண்டு. கண்ணாடியின் இருளை (ஷேட் எண்) 9 முதல் 13 வரை மாற்றும் வசதி வேண்டும். பருத்தி முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன். பக்கத்தில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவே கூடாது.

துடைப்பதற்கு அசிட்டோன் போதும், உலர்ந்தபின் ஆர்க் அடியுங்கள், பாட்டிலைத் தள்ளி வையுங்கள். குளோரின் கலந்த கரைப்பான்கள், சில பிரேக் கிளீனர்கள் உட்பட, ஆர்க்கின் வெப்பத்திலும் கதிரிலும் ஃபோஸ்ஜீன் என்ற கொடிய வாயுவாக மாறும். வெல்டிங் மேஜைப் பக்கம் அவை வரவே கூடாது.

9. கடையில்

ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இன்வெர்ட்டர் போர்டு போனால் யார் பார்ப்பார், எத்தனை நாளில் தருவார், போர்டு கிடைக்குமா? சென்னை பாரிமுனை, கோவை போன்ற இடங்களில் பல கம்பெனி மிஷின்களை அருகருகே பார்க்கலாம். ஆனால் நீங்கள் இருப்பது சின்ன ஊர் என்றால், உங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் எந்த மிஷின் வைத்திருக்கிறார், பழுது வந்தபோது என்ன செய்தார் என்று விசாரியுங்கள். அந்தப் பதில் எந்த விளம்பரத்தையும்விட மதிப்புள்ளது.

போகும்போது உங்கள் தகட்டையே கொண்டுபோங்கள். 20 கேஜ் எவர்சில்வர் துண்டு இரண்டு போதும். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் நீங்களே பிடித்துப் பாருங்கள். கரண்ட்டை 10-இல் வைத்து, தொடாமல் பட்டனை அழுத்துங்கள். நான்கைந்து முறையும் உடனே பற்ற வேண்டும், பற்றியபின் ஆர்க் ஊசலாடக் கூடாது. 30-க்கு ஏற்றி ஒரு சிறு குளம் உருக்கி, பட்டனை விட்டு, டார்ச்சை அசைக்காமல் அங்கேயே பிடியுங்கள். குளம் வட்டமாகச் சுருங்கி ஒரு புள்ளியில் முடிய வேண்டும். கேஸ் நின்றபின் டங்ஸ்டன் நுனியைப் பாருங்கள். வெள்ளிபோல் பளிச்சென்று இருந்தால் கேஸ் ஓட்டமும் போஸ்ட்ஃப்ளோவும் சரி. நீலமோ கறுப்போ ஏறியிருந்தால் கேஸ் போதவில்லை, அல்லது சீக்கிரம் நின்றுவிட்டது. செட்டிங்கை மாற்றியும் மாறாவிட்டால் அந்த மிஷின் வேண்டாம்.

பழைய மிஷின் என்றால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கிரைண்டர் தூசி அப்பியிருந்தால் விலகிவிடுங்கள். இரும்புத் தூசி போர்டை எப்போது வேண்டுமானாலும் ஷார்ட் ஆக்கும். புது மிஷினையும் கிரைண்டரிலிருந்து தள்ளி வைத்து, வேலை இல்லாதபோது மூடி வையுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே போய் செத்துப் போர்டு போன மிஷின்கள் சர்வீஸ் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஃபில்லர் கம்பியையும் அங்கேயே வாங்கிவிடலாம். 304 ரக எவர்சில்வருக்கு இஆர்308எல், எம்எஸ்ஸுக்கு இஆர்70எஸ்-2 அல்லது எஸ்-6, இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்க இஆர்309எல். 1.6 மி.மீ. கனத்தில் தொடங்குங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

ஃபில்லரைத் தொடாதீர்கள். 16 கேஜ் எவர்சில்வர் துண்டை அசிட்டோனால் துடைத்து, 50 ஆம்பியர், 7 லிட்டர் கேஸ், 1.6 டங்ஸ்டன், 6-ஆம் எண் கப். டங்ஸ்டன் கப்பிலிருந்து 5 மி.மீ. வெளியே நிற்கட்டும், தகட்டிலிருந்து நுனி 2 மி.மீ. தள்ளி இருக்கட்டும். குளம் உருவானதும் நேர்கோட்டில் மெல்ல நகர்த்துங்கள், வேறெதுவும் செய்ய வேண்டாம். ஆறியபின் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறமோ தங்க நிறமோ என்றால் சரியான வேகம். நீலம் பரவாயில்லை, கொஞ்சம் வேகமாகப் போங்கள். சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தால் சூடு அதிகம் அல்லது கேஸ் குறைவு. கரண்ட்டைக் குறைத்துப் பாருங்கள், கப்பைத் தகட்டுக்கு இன்னும் அருகே கொண்டுவாருங்கள். தங்க நிறம் கோடு முழுக்க ஒரே சீராக வரத் தொடங்கியதும் அதே செட்டிங்கில் கம்பியைக் கையில் எடுக்கலாம்.